பின்வரிசையிடம் பேசியவர்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. நைட் கிளப்பில் வாசல் காக்கும் பவுன்சராக இருக்கும் என் அண்ணி, வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் கறுப்புச் சட்டைக்கு இஸ்திரி போட்டபடி சொன்னது. கேட்டதும் ஓடிப்போய் எழுத உட்கார்ந்தேன்:

ஆறடி உயரம். வாசலை அடைத்துக்கொண்டு மலைபோல் நின்றான் அவன். அவன் தோளைப் பார்த்தாலே—

(நிறுத்திவிட்டேன். பவுன்சர் என்றதும் என் பேனாவுக்கு மீசை முளைத்துவிட்டது.)

அண்ணி என் தோளுயரம்தான். பெண்களின் கைப்பையைச் சோதிக்கத்தான் அவரை எடுத்தார்கள். அடிதடி வந்தால் ஒதுங்கி நின்றுகொள்ளும்படி மேலாளர் முதல் நாளே சொல்லிவிட்டாராம்.

2

கிளப் இருப்பது தரைக்குக் கீழே. தெருவிலிருந்து ஒடுங்கிய படிக்கட்டு இறங்கும். அடியில் கண்ணாடிக் கதவு. அன்று பிரபலமான பாடகர் ஒருவர் வருவதாக இருந்ததால், சாயங்காலமே தெருவில் எள் விழ இடமில்லை. பாடகர் உள்ளே பாடத் தொடங்கிவிட்டார் என்று யாரோ கிளப்பிய புரளியில் கூட்டம் படிக்கட்டில் பாய்ந்தது.

கதவு வெளிப்பக்கம் திறப்பது. அத்தனை பேர் அதன்மேல் சாய்ந்திருக்க, உள்ளேயிருந்து ஆஜானுபாகுவான பவுன்சர்கள் தள்ளியும் அசையவில்லை. கண்ணாடியில் கன்னம் ஒட்டி நின்ற ஒரு பெண்ணின் உதடு நீலம் பாரிப்பதை அண்ணி பார்த்தார். திரும்பி, சமையலறை வழியாக வெளியேறி, தெருவுக்கு ஓடினார்.

3

அண்ணி முஷ்டியை மடக்கினார். மின்னல் வேகத்தில்—

இதைப் படித்துப் பார்த்ததும் அண்ணி சிரித்துவிட்டார். “நான் யாரைத் தம்பி அடிச்சேன்? முன்னாடி நிக்கிறவங்களால நகரவே முடியாது. பின்னாடி நிக்கிறவங்களுக்கு அது தெரியாது. அவங்ககிட்டதானே பேசணும்?”

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன். கூட்டத்தின் வாலில், எல்லோரையும்விட மூர்க்கமாக ஒருவன் முட்டிக்கொண்டிருந்தான். அண்ணி அவன் தோளைத் தொட்டதும் கையை ஓங்கிவிட்டான். அண்ணி விலகவில்லை.

“உங்ககூட வந்தவங்க எங்க?”

அவன் படிக்கட்டைக் காட்டினான். தங்கச்சி முன்னால் போய்விட்டாளாம்.

“அவளைத்தான் நசுக்கிட்டிருக்கீங்க.”

ஓங்கிய கை இறங்கியது. (இவ்வளவு சீக்கிரம் ஒருவன் மாறுவானா என்று எனக்கும் சந்தேகம் வந்தது. தங்கச்சி என்ற சொல் என்னென்ன செய்யும் என்று பிறகு யோசித்தேன், விட்டுவிட்டேன்.) அவன் திரும்பி நின்று, இரு கைகளையும் விரித்து, தொண்டை கிழியக் கத்தினான், எல்லோரையும் பின்னால் போகச் சொல்லி. அண்ணி வரிசை வரிசையாகத் தோள் தொட்டு விலக்கினார். தெரு தளர்ந்தது, பிறகு படிக்கட்டு, கடைசியாகக் கதவு திறந்தது.

ஒரு உயிர்கூடப் போகவில்லை. உதடு நீலம் பாரித்த பெண் நடைபாதையில் உட்கார்ந்து, ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டாளாம். இதைச் சொல்லும்போது அண்ணியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முடிசூட்டு விழாவில்கூட அப்படியொரு முகம் இருக்காது.

4

மறுநாள் மேலாளர் கூப்பிட்டு, வாசல் பொறுப்பு முழுவதையும் அண்ணிக்கே தருவதாகச் சொன்னார். அண்ணி நன்றி சொல்லவில்லை.

“அவசரத்துக்குன்னு இருக்கற பக்கவாட்டுக் கதவைப் பூட்டி, முன்னாடி சாமான் அடுக்கி வச்சிருக்கீங்க. அதைத் திறங்க. நான் அது வழியா ஒரு தடவை நடந்து பாத்துக்கறேன். அப்புறம் பேசலாம்.”

மேலாளரின் பதிலை அண்ணி என்னிடம் சொல்லாததால் நானே இரண்டு முடிவு எழுதினேன். முடிவு ஒன்று: மேலாளர் சாவியை எடுக்கிறார். முடிவு இரண்டு: மறுக்கிறார், அண்ணி வெளியேற, மற்ற பவுன்சர்களும் பின்னாலேயே நடக்கிறார்கள். எது நல்லது என்று அண்ணியிடமே கேட்டேன்.

“ரெண்டுலயும் நான்தானே தம்பி ஜெயிக்கிறேன்?”

அதற்குமேல் எழுத எனக்கு வேலையில்லை. மேலாளரின் நாற்காலியை உங்களுக்கு விட்டுத்தருகிறேன், உட்காருங்கள். எதிரே அண்ணி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். சொல்லுங்கள்.