நிறம் மாறாத கை

விடியுமுன்பே உலை பற்றிக்கொண்டது. உள்ளே எஃகுச் சாமான்கள் அடுக்கிய கூடைகள், வெளியே நாங்கள். கதவு மேலே ஏறும்போதெல்லாம் வெக்கை முகத்தில் அறையும், புருவமயிர் கருகும் வாடை வரும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் கதவுக்குக் கீழே குனிந்து, நீளக் கொக்கியை உள்ளே விட்டு, கூடையை இழுத்து, சாமான்களைச் சூட்டோடு முக்கும் எண்ணெய்த் தொட்டிப் பக்கம் தள்ள வேண்டும். இழுப்பவர் என் தங்கை வீட்டுக்காரர். கொக்கிக் கம்பியைப் பின்னால் தாங்கிப் பிடிப்பவன் நான். எங்கள் தலைக்கு மேல் அந்தக் கனத்த கதவைத் தாங்குபவை இரண்டு உலோகத் தண்டுகள். பட்டறையில் அவற்றைக் 'கை' என்போம்.

என்னை 'நடுங்கி' என்று கூப்பிடுவார்கள். பெயர் வைத்ததே மாப்பிள்ளைதான். பெண் எடுத்த உரிமை. நான் பயந்தவன்தான், மறைத்து என்ன ஆகப்போகிறது?

பழைய கைகள் நிக்கல் கலவை. கறுத்துப்போய், பார்க்கச் சகிக்காது. ஆனால் தீ மேலேறித் தொட்டால் சிவக்கும்; சிவந்தபடியே கதவைத் தாங்கும். அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் எப்போது கிட்டே போகலாம், எப்போது விலகி நிற்க வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்வோம். வேறு எந்தக் கருவியும் எங்களிடம் இல்லை.

போன வாரம் முதலாளி அவற்றைக் கழற்றி விற்றுவிட்டார். நிக்கலுக்கு நல்ல விலையாம். பதிலுக்கு வந்தவை அலுமினியக் கலவை. பளபளப்பு, எடையும் மூன்றில் ஒரு பங்குதான். நேற்றுக் காலை, உலை பற்றவைக்கும் முன், முதலாளியே ஒரு கையைப் பிடித்துத் தொங்கினார். "என்னையே தாங்குது, கதவைத் தாங்காதா?" என்றார். அவர் உடம்பைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம்.

நேற்றுச் சாயங்காலமே வலது கை லேசாக வளைந்ததுபோல் எனக்குப் பட்டது. சொன்னேன். "மச்சானுக்கு இப்ப கண்ணும் நடுங்குது" என்றார் மாப்பிள்ளை.

இன்று வெளிச்சம் வந்த நேரம் கதவு ஏறியது. கைகள் வெள்ளிபோல் அப்படியே இருந்தன. துளிகூடச் சிவக்கவில்லை. மாப்பிள்ளை குனிந்தார். நான் மேலே பார்த்தேன். வலது கை, சத்தமே இல்லாமல், மெழுகுபோல் சாய்ந்துகொண்டிருந்தது.

"மாப்ளே!"

சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் மல்லாக்க விழுந்தோம். கதவு ஒரு பக்கமாகச் சரிந்து கொக்கிக் கம்பியை நசுக்கியது. அவர் தலை இருந்த இடம் அது. இடது கையில் கதவு சாய்ந்து தொங்கியது. மாப்பிள்ளை எழுந்து சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. எனக்குத் தங்கையின் முகம்தான் கண்முன் நின்றது.

முதலாளி ஓடி வந்தார். முதலில் கதவைப் பார்த்தார், பிறகு உலைக்குள்ளே பார்த்தார்.

"இன்னொரு கை தாங்குதுல்ல? சீக்கிரம் கூடையை எடுங்கப்பா. சரக்கு வீணாப் போயிடும்."

"அதுவும் இளகிடும் முதலாளி" என்றேன்.

"நான் தொங்கிக் காட்டினேனே!"

"அப்ப உலை ஆறிக் கிடந்துச்சு."

"ஏய், விமானமே அலுமினியத்துலதான் பறக்குது. இந்தக் கதவைத் தாங்காதா?"

பின்னால் நின்ற இன்ஜினியர் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். அவருக்கும் வேலை போகும் பயம். "றெக்கைக்கு அலுமினியம் சார். நெருப்பு எரியற இடத்துல நிக்கல்தான் போடுவாங்க. அலுமினியம் இந்தச் சூட்டுல பலம் போயிடும். உருகுற வரைக்கும் நிறமும் காட்டாது. வாங்கும்போதே சொன்னேன்."

"உங்களை யார் கேட்டா?" முதலாளி என் பக்கம் திரும்பினார். "போடா உள்ள. பயந்தாங்கொள்ளிக்கு இங்க வேலை இல்ல."

போகத்தான் நினைத்தேன், சத்தியமாக. கால் நகரவில்லை. உலைக்கு முன்னால் தரையில் போட்ட மஞ்சள் எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் அப்படியே நின்றுவிட்டது.

"பயமாத்தான் முதலாளி இருக்கு" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை வந்து என்னருகே நின்றார். "எனக்கும்" என்றார். பயம் என்று அவர் ஒப்புக்கொண்டதை இன்றுதான் கேட்டேன்.

எண்ணெய்த் தொட்டி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நான் கதவுக்குக் கீழ நிக்கறவ இல்ல. இருந்தாலும் பயமா இருக்கு." அரவை மிஷின் நின்றது. கூடை அடுக்குபவர்கள் வந்தார்கள். கோடு முழுக்க ஆட்கள்.

"நீங்க வந்து கீழ நில்லுங்க முதலாளி. நீங்க நின்னா நாங்களும் வரோம்" என்றாள் அக்கா.

முதலாளி ஓரடி வைத்தார். வெக்கை அடித்தது. மேலே நிமிர்ந்து அந்த வெள்ளைக் கையைப் பார்த்தார். காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"எல்லாரும் வெளிய போங்க! நாளைக்கு வேற ஆள் வருவான்."

"வரட்டும். அவங்களுக்கும் தலை ஒண்ணுதான்" என்றார் மாப்பிள்ளை. "நிக்கல் கை வந்தா நாங்க உள்ள போறோம். அதுவரைக்கும் இங்கதான்."

வேலை போகலாம். போலீஸ் வரலாம். வாசலில் அடுத்த ஷிப்டு ஆட்கள் வந்து நின்று, நசுங்கிய கம்பியைப் பார்த்தார்கள். சாப்பாட்டுத் தூக்குகளைச் சுவரோரம் வைத்துவிட்டு எங்கள் வரிசையில் சேர்ந்தார்கள்.

மாப்பிள்ளை என் கையைப் பிடித்தார். "நடுங்குது மச்சான்."

"உங்க கைதான் மாப்ளே."

அவர் விடவில்லை. நானும் விடவில்லை.