யானை தூக்கிய கால்

அப்பா கைபேசியை என் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டாயிரத்து இருபத்தைந்து ஏப்ரல், முதல் வியாழக்கிழமை. ஃபெக்டரி பஸ் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. திரையில் ஒருவர் படபடவென்று பேசிக்கொண்டிருந்தார். இலங்கையிலிருந்து போகும் சாமான்களுக்கு அமெரிக்கா நாற்பத்துநான்கு வீதம் வரி போட்டிருக்கிறதாம். நாங்கள் தைக்கும் காற்சட்டைகள் எல்லாமே அங்கேதான் போகின்றன.

"யாருப்பா போட்டது?"

"நம்ம யானதான்," என்றார், தானே போட்டுவிட்டு வந்தவர் மாதிரி.

அப்பா வாழ்நாளெல்லாம் யானைச் சின்னத்துக்கு வாக்குப் போட்டவர். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தின் சுவரில் மழை ஊறும் இடத்தை ஒரு பழைய தேர்தல் சுவரொட்டி யானைதான் மறைத்துக்கொண்டிருக்கிறது. இங்கே யானை தேய்ந்துபோன பிறகு, அமெரிக்காவிலும் ஒரு கட்சிக்குச் சின்னம் யானைதான் என்று எங்கேயோ கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அது நம்ம கட்சி. அங்கே எல்லைச் சுவர் கட்டுவதா வேண்டாமா, ஏழைகளுக்கு இலவச வைத்தியம் உண்டா இல்லையா என்று எந்த வாதம் நடந்தாலும் அவருக்கு முடிவு முன்கூட்டியே தெரியும். லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் இராக்கம்மா அக்கா ஆரம்பத்திலிருந்தே எதிர்த் தொழிற்சங்கம். அமெரிக்காவில் யானைக்கு எதிரே நிற்பது கழுதை என்று அறிந்ததும், விசாரிக்காமலே கழுதையின் பக்கம் போய்விட்டார். தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் தினமும் அமெரிக்கா நடக்கும். நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருப்பேன். இரண்டு பேரும் பேசுவது எட்டாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள நாட்டைப் பற்றியல்ல, ஒருவரையொருவர் பற்றித்தான் என்று தோன்றும்.

அன்று மாலை ஃபெக்டரியில் சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவிலிருந்து வரும் ஓடர் குறையலாம். புதுவருஷ லீவுக்கு முன், வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறவர்களின் பெயர்ப் பட்டியல் வரும். அடுத்த வாரம் எண்ணிக்கையில் யார் பின்னால் நிற்கிறார்களோ அவர்கள்தான் அதில் முதலில்.

பைப்படியில் இராக்கம்மா அக்கா குடத்தை இறக்கக்கூட இல்லை.

"என்னண்ணே, ஒங்க யான நம்ம புள்ள சோத்துல கால வச்சிருச்சே. இப்பவாவது வாயத் தொறங்க."

அப்பா பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மழைக்காலத்தில் ஆளில்லாத மலையைக் காக்கிற இரவுக் காவல்காரர் அவர். அங்கேயும் மரத்துடனாவது பேசிக்கொண்டிருப்பவர்.

திங்கட்கிழமை காலையில் ஊசி என் சுட்டுவிரலுக்குள் இறங்கி முறிந்தது. எடுத்துக் கட்டுப் போட்டார்கள். விரல் மடங்கவில்லை. காற்சட்டைத் துண்டுகள் கட்டுக்கட்டாக வரும். ஒரு கட்டைத் தைத்து முடித்தால் அதிலுள்ள டிக்கெட்டைக் கிழித்து நம் அட்டையில் ஒட்ட வேண்டும். அட்டைதான் எண்ணிக்கை. மத்தியானம்வரை என் அட்டையில் இரண்டே டிக்கெட்.

பக்கத்து மெஷின் நஸ்மியா. பதுளை டவுன் பெண். நிமிராமல் தைத்துக்கொண்டே மேசைக்குக் கீழே கையை நீட்டினாள். என் மடியில் ஒரு டிக்கெட் விழுந்தது. அவள் தைத்த கட்டினுடையது.

"வேணாம்டி. ஒன் பேரு பட்டியல்ல வந்துரும்."

"சும்மா இரி. அன்டைக்கு நீதானே கத சென்னே, கொழுந்துக் கத."

ஞாபகம் வந்தது. நான் வயிற்றிலிருந்தபோது அம்மாவால் குறித்த கிலோ தேயிலைக் கொழுந்து பறிக்க முடியாமல் போயிற்றாம். நிறை குறைந்தால் அரைப்பேர், பாதிநாள் சம்பளம். நிறுக்கிற இடத்துக்குப் போகும் வளைவில், கங்காணி பார்க்காத நேரம், இராக்கம்மா அக்கா தன் சாக்கிலிருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளி அம்மாவின் சாக்கில் போடுவார். அந்த வருஷம் சங்கச் சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. பேசாமல்தான் போட்டார். அம்மாவும் பேசாமல்தான் வாங்கினாள். எங்கள் லயத்தில் அது வழக்கம், யாரும் அதற்குப் பெயர் வைத்ததில்லை. மழை பெய்த ஒரு சாப்பாட்டு நேரத்தில் நஸ்மியாவிடம் சொல்லியிருந்தேன். மறந்தும் போயிருந்தேன்.

புதன்கிழமை முடிவில் என் அட்டையில் அவளுடைய டிக்கெட் பதினொன்று இருந்தது. என் எண்ணிக்கை தப்பிவிட்டது. அவளுடையதுதான் இப்போது விளிம்பில்.

வியாழன் விடிய இராக்கம்மா அக்காவின் கதவை அப்பா தட்டுகிற சத்தத்தில் விழித்தேன்.

"இராக்கு, வரிய தொண்ணூறு நாளைக்கி நிப்பாட்டிட்டாங்களாம். யான காலத் தூக்கிருச்சு!"

"தூக்குன கால எங்க வைக்கும்னு கேட்டீங்களா?"

"அது அதுக்கே தெரியாதாம்." ஒரு வாரத்துக்குப் பிறகு அப்பா சிரித்தார். "ஆனா அந்தக் கழுத ஒரு தரமாவது ஒதச்சிச்சா, நீயே சொல்லு."

"ஒதைக்கும், இருங்க. மொதல்ல தேத்தண்ணி குடிங்க. புள்ளயையும் கூப்புடுங்க."

மூன்று பேரும் அக்காவின் வாசற்படியில் அமர்ந்து குடித்தோம். அம்மா இருந்திருந்தால் அந்தச் சாக்கைப் பற்றிச் சொல்லியிருப்பாளோ என்னவோ. அக்காவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுந்துக் கறை ரேகை ரேகையாக ஏறிய விரல்கள். என்னைப் பிறக்கவிட்ட கைகள் என்று சொன்னால் சிரிப்பார். கோப்பையை வாங்கி நானே கழுவி வைத்தேன்.

ஃபெக்டரியில், பட்டியல் இப்போதைக்கு இல்லை என்றார்கள். எண்ணிக்கை மட்டும் தொடருமாம், ஜூலையில் பார்க்கலாமாம். எல்லோரும் கை தட்டினார்கள். நஸ்மியா தட்டவில்லை. நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய சொல்லை பஸ்ஸில் வழி முழுக்கத் தேடிக்கொண்டு வந்திருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கட்டை அவிழ்த்துத் தைக்க ஆரம்பித்தேன். விரல் வலித்தது, ஆனால் மடங்கியது. மூன்று மணியளவில் முடித்த கட்டின் டிக்கெட்டைக் கிழித்து மேசைக்குக் கீழே நீட்டினேன்.

அவள் பார்த்தாள். வாங்கினாள். அட்டை எட்டத்தில் இருந்ததால் தன் புறங்கையில் ஒட்டிக்கொண்டு தைத்தாள். துணியைத் தள்ள அந்தக் கை ஊசியை நெருங்கும்போதெல்லாம் விளக்கின் கீழ் அந்தச் சின்ன வெள்ளைத் துண்டு வந்து வந்து போனது.