முற்றத்துக் கொக்கி

பாக்தாதிலிருந்து மோசுலுக்கு ஒரு நாள் சுற்றுலா. பேருந்தில் முப்பத்தெட்டுப் பேர். அதில் மோசுல்காரி நான் ஒருத்திதான்; யாரிடமும் அதைச் சொல்லவில்லை. தனியாகப் போனால் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த ஊரைப் பார்த்துவிட்டு, ஓரமாக நிற்கச் சொல்வார்கள். சுற்றுலாப் பேருந்தில் யாரும் அட்டை கேட்பதில்லை. அதனால் பிறந்த ஊரைச் சுற்றிப் பார்க்கச் சீட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

கைப்பையில் ஒரு காகிதம் இருந்தது. 'மேற்படி தன்னூன் என்பவருக்கும் தாயிஷ் இயக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை' என்று அதில் அச்சடித்திருந்தது. தாயிஷ்காரர்கள் கறுப்புக் கொடியோடு எங்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்த மூன்று வருடமும் அங்கேயே கிடந்து, கடைசி மாதம் குண்டு விழுந்து செத்துப்போனவர் என் அப்பா. அந்த மூன்று வருடம் ஊரைவிட்டு ஓடாமல் இருந்தவர்கள் எல்லாரும் சந்தேகப் பட்டியல்தான், செத்தவர்கள் உட்பட. காகிதத்தின் அடியில் அக்கம்பக்கத்தார் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் இறப்புச் சான்றிதழ். எட்டு வருடமாக அப்பா அரசாங்கத்தின் கணக்கில் சாகவும் இல்லை, நல்லவராக இருக்கவும் இல்லை. எங்கள் சந்தில் மிஞ்சியிருப்பது அபூ கானிம் ஒருவர்தான். அவர் கையெழுத்துக்காகத்தான் இத்தனை தூரம்; அங்கே போனதும் கூட்டத்திலிருந்து நழுவிப் போய் வாங்கிவிடலாம் என்று எண்ணம்.

என் பக்கத்து இருக்கையில் உம்மு நிப்ராஸ் என்று ஒருத்தி. பாக்தாதில் துணிக்கடை வைத்திருக்கிறாள். ஏறிய கையோடு பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட கிலேச்சா பிஸ்கோத்து நாலைந்தை என் மடியில் போட்டாள்.

"சாப்பிடு கண்ணு. மோசுல்ல போய் யாராவது ஏதாவது குடுப்பாங்கன்னு நெனைச்சிடாதே. சீனி டப்பால ஈ உக்காந்தாக்கூட காலை உதறி வாங்கிட்டுத்தான் அனுப்புவாங்க, அந்த ஊர்க்காரங்க."

முன்னும் பின்னும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினாலு வருடம் பாக்தாதில் வாழ்க்கைப்பட்டதில் என் ஊர்ப் பேச்சை நாக்கிலிருந்து வழித்துப் போட்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, வெட்கக்கேடு.

சாவடியில் சிப்பாய் ஒருவன் ஏறி, "எல்லாரும் எந்த ஊரு?" என்றான்.

"எல்லாம் பாக்தாத்தான்பா. இவ என் தங்கச்சி" என்றாள் உம்மு நிப்ராஸ், என் தோளில் கை போட்டபடி. அவன் இறங்கிப் போனான். அந்த நிமிடம் அவளை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வழிகாட்டி சர்மத்துக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சட்டையில் மைக், தலையில் தொப்பி. முதலில் கூனல் மினாரைக் காட்டினான். இடிந்ததைப் புதிதாகக் கட்டி, பழையது எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அதே பக்கம் சாய்த்து வைத்திருக்கிறார்கள். பிறகு மணிக்கூண்டு வைத்த தேவாலயம், ஆற்றங்கரை, மதியச் சாப்பாட்டுக்குத் தட்டு அகலத்தில் கறி அடைத்த குப்பா. "கஞ்சப்பயலுங்க ஊர்ல இவ்ளோ பெரிய குப்பாவா?" என்று கேட்டுக்கொண்டே உம்மு நிப்ராஸ் இரண்டு தின்றாள்.

மூன்று மணிக்குச் சர்மத் கைதட்டிக் கூப்பிட்டான்.

"அடுத்ததுதான் இன்னிக்கு முக்கியமான எடம். பயந்த சுபாவம் உள்ளவங்க வெளியிலயே நின்னு டீ குடிச்சுக்கலாம்."

சந்துக்குள் நுழைந்தோம். பாதி வீடுகள் கல்குவியலாகக் கிடந்தன. இரண்டாவது திருப்பத்திலேயே என் கால்களுக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டு நிலைப்படிச் சலவைக்கல் அப்படியே இருந்தது. அதற்கு எதிரே ஒரு தட்டி போட்டு, அடுப்பில் கெண்டி வைத்து, அபூ கானிம் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கை நின்றது. பிறகு குனிந்து சீனியைக் கலக்க ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் முற்றத்தில் முப்பத்தெட்டுப் பேரும் நின்றோம். மாடி போய்விட்டது. வளைவு மட்டும் நிற்க, அதன் நடுவில் அந்த இரும்புக் கொக்கி இருந்தது.

"இது தாயிஷ் தளபதி ஒருத்தனோட வீடு" என்றான் சர்மத், மைக்கைத் தணித்து. "கசாப்புக்காரன்னு பேரு. இந்தக் கொக்கியப் பாத்துக்கோங்க. தெருவுல ஆளுங்களப் புடிச்சிட்டு வந்து இதுலதான் தொங்க விடுவான். அலறல் ஆத்தங்கரை வரைக்கும் கேக்குமாம்."

என் அப்பா அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் வைத்து அக்கம்பக்கத்துக்குப் போட்டார். அந்தக் கொக்கியில் சலைன் பாட்டில் தொங்கும். எட்டு வயதில் டைபாய்டு வந்து அதன் கீழே படுத்துக்கொண்டு நான் சொட்டுகளை எண்ணியிருக்கிறேன். ஆஸ்பத்திரியைத் தாயிஷ்காரர்கள் எடுத்துக்கொண்ட பிறகு, தெரு மொத்தமும் அந்தக் கொக்கிக்குக் கீழேதான் படுத்து எழுந்தது. அபூ கானிம் வயிற்றுப்போக்கில் மூன்று நாள் கிடந்தார். தொலைபேசி இருந்த காலத்தில் அப்பாவே என்னிடம் சொன்னது.

படம் எடுக்க வரிசை கட்டினார்கள். ஒவ்வொருவராகக் கொக்கிக்குக் கீழே போய், கைகளை மேலே தூக்கி, கட்டிப்போட்ட மாதிரி மணிக்கட்டுகளைச் சேர்த்து நின்றார்கள். உம்மு நிப்ராஸ் தன் போனை என்னிடம் நீட்டினாள்.

"என்னையும் ஒண்ணு எடு கண்ணு. கொக்கி முழுசா விழணும்."

போய் நின்று, கையைத் தூக்கி, தலையைத் தொங்கப் போட்டாள். நான் போனைக் கீழே இறக்கினேன்.

"வெளிய போங்க எல்லாரும். இது எங்க அப்பா வீடு."

வந்தது என் ஊர்ப் பேச்சு. சத்தமாகவே வந்துவிட்டது.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என்ன என்று எனக்கு உறைத்தது. கசாப்புக்காரன் வீடு என்று ஒருவன் சொல்லி முடித்த கையோடு, அது என் அப்பா வீடு என்று சொல்லியிருக்கிறேன். கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்த போன்கள் எல்லாம் என் பக்கம் திரும்பின.

"அவர் ஊசி போடுறவர். இது சலைன் மாட்டுற கொக்கி" என்றேன்.

"சலைனாம்" என்றான் ஒருத்தன்.

"பெத்த பொண்ணு வேற என்ன சொல்லும்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சர்மத் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "பெரியவரே, நீங்க இந்தத் தெருதானே? இந்த அம்மா சொல்றது நெஜமா?"

அபூ கானிம் டீத்தட்டைப் பிடித்தபடி வந்து நின்றார்.

"எனக்கு என்னப்பா தெரியும். நான் உண்டு, என் வேலை உண்டுன்னு இருந்தவன்" என்றார்.

கூட்டம் நகர்ந்த பிறகு அவருடைய தட்டிக்குப் போய்க் காகிதத்தை நீட்டினேன்.

"பெரியப்பா, அவங்க முன்னாடி சொல்ல வேணாம். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

அவர் காகிதத்தைத் தொடவில்லை.

"ஷதா, உங்கப்பா இல்லைன்னா நான் அன்னிக்கே போயிருப்பேன். அதை மறக்கலம்மா. என் ரெண்டு பசங்களும் இந்தக் கல்லுக்கு அடியிலதான் போனாங்க. வெள்ளிக்கிழமைன்னா இப்ப நாலு பஸ் வருது. ஊசி போட்டவர் வீடுன்னு சொன்னா எந்த பஸ் நிக்கும்? கையெழுத்துப் போட்டா நாளைக்கே அந்த வழிகாட்டிப் பையன் கூட்டத்தை வேற சந்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவான்." ஒரு கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். "டீ குடிச்சிட்டுப் போம்மா."

அவரைத் திட்ட வாயெடுத்தேன். வரவில்லை. காலையில் ஈ கதைக்குச் சிரித்த வாய்தானே அது. டீயையும் குடிக்கவில்லை.

பேருந்தில் ஏறியபோது உம்மு நிப்ராஸ் முன் வரிசைக்குப் போயிருந்தாள். என் பக்கத்து இருக்கையில் கிலேச்சாத் துணுக்குகள் மட்டும் கிடந்தன. நான் கடைசி இருக்கைக்குப் போய் உட்கார்ந்தேன். எனக்கு முன் வரிசையில் இருந்தவர்களும் எழுந்து வேறிடம் பார்த்துக்கொண்டார்கள்.

சாவடியில் சிப்பாய் ஏறினான். "எல்லாரும் பாக்தாத்தா?"

யாரும் பதில் சொல்லவில்லை. உம்மு நிப்ராஸ் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மற்றவர்கள் பின்னால் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். நடந்து வந்தான்.

"நீங்க எந்த ஊரு?"

"மோசுல்."

"அப்பா பேரு?"

"தன்னூன்."

"கேக்கலை. சத்தமாச் சொல்லுங்க."

இந்த முறை பேருந்து முழுக்கக் கேட்கும்படி, என் ஊர்ப் பேச்சிலேயே சொன்னேன். "தன்னூன். ஊசி போடுறவர். தெருவுக்கே போட்டவர்."

முன்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சிப்பாய் சட்டைப் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டான்.

"எறங்குங்கம்மா."

எட்டு வருடம் கழித்து அப்பாவின் பெயர் அரசாங்கக் காகிதம் ஒன்றில் ஏறியது. நான் கொண்டுபோன காகிதம் கையெழுத்து இல்லாமல் என் பையிலேயே இருந்தது.