அழகர் சாவி வைத்த இடம்

ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தை ஆம்புலன்ஸ்காரரும் கால்பக்கத்தை ஜமால் முகமதுவும் பிடித்துக்கொண்டு வாசற்படி வரை வந்துவிட்டார்கள். அதற்கு மேல் போக வழியில்லை. கதவில் ஒரு மாங்காய்ப் பூட்டு தொங்கியது. பெயர்தான் மாங்காய். அளவில் அது உரித்த தேங்காய்.

"அக்கா, சாவி?" என்றார் பக்கத்து வீட்டு ஜமால்.

மாயக்காள் புருசனின் முகத்தைப் பார்த்தாள். சாவி இருக்கும் இடம் தெரிந்த ஒரே ஆள் நாடிக்கட்டுடன் மல்லாந்து படுத்திருந்தார். வாயைக் கட்டாமல் இருந்தபோதே சொல்லாத மனிதர்.

அழகர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பழனி ரூட். கிருத்திகைக் கூட்டத்திலும் தைப்பூசக் கூட்டத்திலும் பணப்பையைக் கக்கத்தில் இடுக்கியே காலம் தள்ளியவருக்கு, ஓய்வு பெற்ற பிறகு காப்பாற்ற வீட்டுச் சாவி ஒன்றுதான் மிச்சம். சாவி வைக்கும் இடத்துக்கு அவர் இரண்டு சட்டங்கள் வைத்திருந்தார். திருடனுக்குத் தோன்றக்கூடாது, நமக்குக் கை எட்ட வேண்டும். இந்த இரண்டும் ஒன்றாகக் கூடிவருகிற இடம் உலகத்தில் இல்லை என்பதுதான் சிக்கல். மீட்டர் பெட்டிக்குள் வைத்தார். ரீடிங் எடுக்க வந்தவர் கையோடு கொண்டுபோய் மின்வாரிய ஆபீஸில் ஒப்படைத்துவிட்டார். தெருமுனைப் பிள்ளையாரின் மாலைக்குள் செருகினார். பூசாரி அதையும் சேர்த்து அபிஷேகம் பண்ணி, சந்தனம் பூசி, பொட்டும் வைத்தார். ஒருமுறை ஜமால் வீட்டு வெள்ளாட்டின் கழுத்தில் மணியோடு மணியாகக் கட்டிவிட்டார். அந்த ஆடு வத்தலக்குண்டு சந்தைக்குப் போய் மூன்று கைமாறி, நல்ல விலை படியாததால் சாவியோடு திரும்பி வந்தது. "பாத்தியா, பத்திரமா வந்துருச்சு" என்றார்.

போன வாரம் மாயக்காள் பழனியில் தங்கச்சி வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தபோது அவருக்கு நெஞ்சு வலித்தது. வீட்டைப் பூட்டினார். டவுன் பஸ் ஏறினார். மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்த கண்டக்டருக்குப் பாதி வழி புத்தி சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மாயக்காள் பழனியிலிருந்து நேரே அங்கேதான் வந்தாள்.

"சாவிய எங்க வச்சீக?"

"இம்புட்டு நாளா தேடுன எடம் கெடச்சிருச்சுடி. திருடனுக்குத் தோணாது. ஒனக்குக் கூப்புடு தூரந்தான்."

"எங்கன்னு சொல்லுங்களேன்."

"வீட்டுக்கு வந்து எடுத்துக் காட்டுறேன்."

இன்று காலையில் வீட்டுக்கு வந்தார். காட்டவில்லை.

சந்தே கூடித் தேடியது. பூந்தொட்டி, சாக்கடை மூடி, ஓட்டுச் சந்து, செருப்புக்குள், தண்ணீர் மோட்டாருக்கு அடியில். ஜமாலின் மனைவி சைதூன் எதற்கும் இருக்கட்டும் என்று தன் வீட்டு ஆட்டின் கழுத்தையும் தடவிப் பார்த்தாள். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் சாவி இல்லாமல் நிற்பது பழனியில் மொட்டை போடக் கத்தி இல்லாமல் நிற்பது மாதிரி. ஊருக்கே கேவலம்.

ஜமால் சுத்தியல் கொண்டுவந்தார். மூன்றாவது அடியில் பிடி கையில் நிற்க, தலை மட்டும் கிளம்பிப்போய் அடுத்த வீட்டு மாடித் தொட்டியில் விழுந்தது. இன்றைக்கும் அது அங்கேதான் கிடக்கிறது. அந்த வீட்டாருக்கு அதற்குப் பிறகு ரத்தத்தில் இரும்புச் சத்து ஏறிவிட்டதாகப் பேச்சு. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

"நிறுத்துங்கப்பா!"

எதிர்வீட்டுப் படியில் நின்றபடியே காமராஜ் குரல் கொடுத்தார். அழகரின் கூடப்பிறந்த அண்ணன். "சாவு விழுந்த வீட்டுப் பூட்டை ஒடைக்கக் கூடாது. ஆகாது. பெரியவுக சொல்லியிருக்காக."

"எந்தப் பெரியவுக?" என்றாள் மாயக்காள்.

"நாந்தான் பெரியவன்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெல்டிங் பட்டறைக்கு ஆள் விட்டிருக்கேன். கட்டர் கொண்டாந்து அறுப்பான். அறுக்குறது வேற, ஒடைக்கிறது வேற. அதுவரைக்கும் தம்பிய நம்ம வீட்டுல கெடத்துவோம். வெயில்ல வச்சுக்கிட்டு நிக்கலாமா?"

ஆம்புலன்ஸ்காரருக்கு அடுத்த சவாரி இருந்தது. "அதான் பெரியவர் சொல்றாருல்லம்மா" என்று ஸ்ட்ரெச்சரைத் திருப்பினார்.

இரண்டு வீட்டு வாசல்களும் ஒன்றையொன்று முறைத்தபடி இருக்கும். நடுவில் ஒரு ஆட்டோ போகிற அகலம். அந்த அகலத்தை அண்ணனும் தம்பியும் கடந்ததை யாரும் பார்த்து வருசம் பத்துக்கு மேல் ஆகிறது. குலசாமி கோயிலில் அழகர் கிடா வெட்டினார். முறைப்படி தலை மூத்தவனுக்குப் போனது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிளந்து பார்த்தால் உள்ளே மூளை இல்லை. வழியில் எந்தப் பூனையின் வேலையோ. காமராஜ் தெருவுக்கு வந்து, "ஒன்னைய மாதிரியே ஒங் கெடாவுக்கும் மூளை இல்லையேடா" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். "இனி ஒன் வாசப்படிய மிதிச்சா நான் அழகர் இல்ல" என்று பதில் வந்தது. "எனக்கும் கால் வராதுடா" என்று அதற்கும் பதில் போனது. அவ்வளவுதான். அதன் பிறகு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள். ஒருவர் பக்கம் புரட்டினால்தான் மற்றவரும் புரட்டுவார்.

ஸ்ட்ரெச்சர் பாதித் தெரு போய்விட்டது. மாயக்காள் ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"இறக்குங்க கீழ."

"அக்கா…"

"இறக்குப்பா ஜமாலு. அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்னாக. உசுரு போனா சொன்ன சொல்லும் கூடவே போயிருமா?"

"மிதிக்கவா போறான்? தூக்கிட்டுத்தான போறோம்" என்றார் காமராஜ்.

"அந்தச் சமத்தெல்லாம் வேண்டாம் மாமா. இவுக சொந்தக்காசுல கட்டுன வீடு இருக்கு."

"பூட்டியிருக்கேத்தா."

"பூட்டியிருந்தா? வாசல் இல்லையா?"

காமராஜ் கடைசிச் சீட்டை இறக்கினார். குரல் கொஞ்சம் தணிந்திருந்தது.

"மாயக்கா, நிதானமா கேளு. ஒங்களுக்குப் புள்ள இல்ல. எம் மகன் மதியழகன்தான் கொள்ளி வைக்கணும். கொள்ளி வைக்கிறவன் வீட்டுல இருந்து எடுத்தாத்தான் மொறை."

"அப்பிடியா? அப்ப ஒங்க மகன் வேண்டாம். நானே வைக்கிறேன்."

"பொம்பளையா?"

"பொண்டாட்டி."

ஜமால் பேசாமல் போய்த் தன் கடை பெஞ்சைத் தூக்கிவந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் போட்டார். அழகரை அதில் கிடத்தினார்கள். தலைமாட்டில் விளக்கு வைக்க விளக்கு வீட்டுக்குள் இருந்தது; கட்ட வேட்டி வீட்டுக்குள் இருந்தது; நெற்றியில் ஒட்டக் காசு, குளிப்பாட்ட எண்ணெய், சீயக்காய் எல்லாம் உள்ளே. சைதூன் எண்ணெயும் சீயக்காயும் கொண்டுவந்தாள். யாரோ விளக்கு தந்தார்கள். தெருவில் பந்தல் போட்டார்கள். வெயில் அதன் ஓரமாகக் குனிந்து உள்ளே வந்தது. சொந்தக்காரர்கள் வந்து, பூட்டிய கதவையும் பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்து, எதற்கு அழுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்து அழுதார்கள்.

"பட்டறை ஆளு எங்கப்பா?" என்று அவ்வப்போது யாராவது கேட்டார்கள்.

"வந்துக்கிட்டிருக்கான்" என்று எதிர்ப்படியிலிருந்து பதில் வந்தது.

உச்சி சாய்ந்தது. வெயில் அழகரின் கால்விரலில் தொடங்கி, முழங்காலுக்கு ஏறி, மார்புக்கு வந்தது. மாயக்காள் சைதூன் வீட்டுக் குடையை வாங்கி விரித்து, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். கை மாற்றிக்கொள்ளக் கேட்டவர்களிடம் கொடுக்கவில்லை. அழவும் இல்லை. பார்வை மட்டும் எதிர்ப்படியிலேயே இருந்தது. காமராஜ் பேப்பரை விரித்து வைத்திருந்தார். வெகுநேரமாக ஒரே பக்கம். புரட்டவே இல்லை.

வெயில் குடைக்கம்பியின் வழியாக நுழைந்து அழகரின் கன்னத்தில் ஒரு காசு அளவுக்கு விழுந்தபோது, காமராஜ் பேப்பரை மடித்தார். எழுந்தார். படியிறங்கினார். தெருவைக் கடந்து பெஞ்சுக்கு அருகில் வந்து நின்று, வேட்டி மடிப்பை அவிழ்த்துச் சாவியை எடுத்தார்.

"ஒங்கட்டயா?" என்றாள் மாயக்காள்.

"ம்."

"எப்பக் குடுத்தாக?"

"அன்னைக்கி. நெஞ்சப் புடிச்சுக்கிட்டே தெருவத் தாண்டி வந்தான். படிக்குக் கீழ நின்னே நீட்டுனான். பேசல." அவர் சாவியை உள்ளங்கையில் திருப்பிப் பார்த்தார். "நானும் பேசல. வாங்கிக்கிட்டேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போறாகன்னு தெரியாதா?"

"தெரியும்."

"பட்டறைக்கு?"

"யாரையும் அனுப்பல."

மாயக்காள் குடையைத் தாழ்த்தாமலேயே அவரைப் பார்த்தாள்.

"ஒரு நாளு," என்றார் காமராஜ். "ஒரே ஒரு நாளு எங்க வீட்டுல வந்து படுத்திருந்தா இவனுக்கு என்ன கொறஞ்சா போகும்?"

"உசுரோட இருக்கையில கூப்புட்டிருக்கணும்."

"கூப்புட்டா வந்திருவானா?"

"கூப்புட்டுப் பாத்தீகளா?"

சாவியை நீட்டினார். அவள் வாங்கவில்லை. கதவைப் பார்த்துத் தலையை அசைத்தாள். காமராஜ் போய்ப் பூட்டுக்குள் சாவியை விட்டுத் திருகினார். அவ்வளவு அடி வாங்கிய பூட்டு, சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளைபோல் ஒரே திருகில் திறந்துகொண்டது. அழகரைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். கூடத்தில், மின்விசிறிக்கு அடியில், அவருடைய சொந்த இடத்தில் கிடத்தினார்கள். காமராஜ் மட்டும் நிலைக்கு வெளியே நின்றுகொண்டார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

பாடைத் தேர் கட்டி, நீர்மாலை எடுத்து வந்து, குளிப்பாட்டி முடித்தபோது வெயில் தணிந்துவிட்டது. மதியழகன் வேட்டியைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றான். மாயக்காள் அவனைத் தாண்டிப்போய்க் கொள்ளிச்சட்டியைத் தூக்கினாள்.

"ஆத்தா, அதான் கதவு தொறந்தாச்சே. இன்னும் என்ன வீம்பு?" என்றார் பங்காளிக் கிழவர் ஒருவர்.

"கதவு தொறந்தா? சொன்னது சொன்னதுதான். இந்த வீட்டுல யாரும் சொல்ல மாத்துறதில்ல."

"பொம்பளைக சுடுகாட்டுக்குப் போயிட்டா வீட்ட யாரு பாக்குறது? பொணம் எடுத்த வீட்டப் பூட்டக்கூடாதுத்தா. கழுவிவிடணும், விளக்கேத்தணும்."

"தெரியும்." அவள் நிலைப்பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க இருங்க."

காமராஜ் நிமிர்ந்தார். "நானா?"

"உள்ள வாங்க. நாங்க போனதும் கூடத்தக் கழுவிவிட்டு விளக்கேத்தி வைங்க."

"அதெல்லாம் பொம்பளைக வேலத்தா."

"ஆம்பள வேலைய நான் பாக்கலையா?"

பங்காளிக் கிழவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். ஜமால் அவர் தோளில் கையைப் போட்டு, "நேரமாகுது தாத்தா, நடங்க" என்று முன்னால் நகர்த்தினார்.

காமராஜ் இன்னும் நிலைக்கு வெளியேதான் நின்றார். வலது காலைத் தூக்குவதும் கீழே வைப்பதுமாக இருந்தார். "சாவி…" என்று நீட்டினார்.

"வச்ச எடத்துலயே இருக்கட்டும்" என்றாள் மாயக்காள்.

தேர் கிளம்பியது. கொள்ளிச்சட்டியின் புகை கண்ணைக் கரித்தது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை. இரண்டு கைகளும் உறியின் கயிற்றில் இருந்தன. சந்து திரும்பும் இடத்தில், திரும்பிப் பார்க்கக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள்.

கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே காமராஜ் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு வாளித் தண்ணீரைக் கையில் வைத்தபடி, விளக்குமாறு எங்கே இருக்கும் என்று மூலை மூலையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்தே குரல் கொடுத்திருக்கலாம். அவள் கொடுக்கவில்லை.