கோடு போட்டு அடித்த இடம்

தேவகிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வரலாற்றில் எம்.ஏ., பி.எட். முடித்து வேலைக்கு அலையாய் அலைந்த பிறகு, ஒரு தனியார் பள்ளி நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தது. திண்டிவனத்தில் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்புகூடப் பள்ளியின் இணையப் பக்கத்தைக் கைபேசியில் படிக்கவிட்டுக் கேட்டாள். “நேர்காணல் இடம், விழுப்புரம் கிளை” என்றது குரல்.

விக்கிரவாண்டி டோல்கேட் நெரிசலில் பஸ் ஊர்ந்தது. விழுப்புரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனால், பள்ளி கேட் பூட்டிக் கிடந்தது.

“இன்டர்வியூ இங்க இல்லம்மா. திண்டிவனத்துக்கு மாத்திட்டாங்க. நெட்ல போட்டுக்கீறாங்களே, பாக்கலியா?” என்றார் வாட்ச்மேன்.

தேவகி பள்ளிக்குப் போன் அடித்தாள், எடுப்பார் இல்லை. வந்த வழியே பஸ் ஏறினாள். திண்டிவனம் கிளை அவள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். போய்ச் சேர்ந்தபோது அறைக்குள் நாற்காலிகளை இழுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

இணையப் பக்கத்தைச் செய்த கணினி ஆசிரியர் பார்த்திபன் அங்கேதான் இருந்தார். தேவகி அவரிடம் நடந்ததைச் சொன்னாள்.

“பழைய எடத்த கோடு போட்டு அடிச்சிருக்கேங்க. புது எடத்த செவப்புல பெருசா படமா வச்சேன். யாரு பாத்தாலும் தெரியுமே.”

“பாத்தாத்தான சார்? நீங்க போட்ட கோட்ட என் போனு சொல்லல. படத்துல இருக்கிற எழுத்தயும் படிக்கல. ‘ரத்து’ன்னு ஒரு வார்த்தை, புது எடம் எழுத்தா ஒரு வரி இருந்தா போதும். அதுக்கு மேல செவப்போ பச்சையோ, எப்படி வேணா அழகு பண்ணிக்கங்க.”

பார்த்திபன் குரல் இறங்கியது. “இணையப் பக்கம் எழுதற எச்.டி.எம்.எல்.ல மொத பாடமே இதாங்க. எது தலைப்பு, எது பத்தின்னு குறி போட்டுச் சொல்றது ஒரு வேலை. அது கண்ணுக்கு எப்படித் தெரியணும்ங்கிறது வேற வேலை. நானே கிளாஸ்ல சொல்றேன். அவசரத்துல...”

அவரே தாளாளரிடம் அழைத்துப் போனார்.

“முறையா அறிவிச்சாச்சு. ஆளும் எடுத்தாச்சு. உள்ளூர்லயே இருந்துகினு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாம்மா?” என்றார் தாளாளர். அவருடைய கார் கிளம்பிப் போனது.

“இப்பவே மாத்திடறேங்க” என்றார் பார்த்திபன்.

“மாத்துங்க.” தேவகி வீட்டுப் பக்கம் நடந்தாள்.

வீட்டு வாசலிலேயே அம்மா ஜெயம் பிடித்துக்கொண்டாள். “இன்னாடி, ஜல்தியா வந்துட்ட?”

“இங்கயே நடந்துதாம்மா. நான் விழுப்புரம் போய்ட்டேன்.”

ஜெயத்துக்குப் புரியவில்லை. “சரி, உடு. அடுத்த தபா...”

“அடுத்த தபான்னு சொல்லாதம்மா.”

தேவகி சேலையைக்கூட மாற்றவில்லை. வெறுந்தரையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மா போட்ட சோறு தட்டிலேயே காய்ந்தது.