கிரான்பர்னுக்கு வந்த சன்னம்

1986ஆம் ஆண்டு ஆவணி மாதம் யாழ்ப்பாணத்தில் சுடப்பட்ட ஒரு சன்னம், 2022 சித்திரையில் மெல்பேர்ணின் கிரான்பர்னுக்கு வந்து சேர்ந்தது. வந்த நாள் புதன்கிழமை, அந்தத் தெருவில் குப்பை எடுக்கும் நாள். தொட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த பாஸ்கர்தான் அதை முதலில் கண்டவன். சென்னைக்காரன், கணினி வேலை செய்பவன். தரையிலிருந்து நாலடி உயரத்தில் வண்டு ஒன்று நிற்கிறது என்று நினைத்துக் கையை வீசினான். விரல் மூட்டில் தோல் உரிந்து ரத்தம் வந்தது, வண்டு நகரவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தபோது அது ஈயம் என்று தெரிந்தது. மறுநாளும் பார்த்தபோது அது வந்துகொண்டிருக்கிறது என்பதும் தெரிந்தது. ஒரு நாளைக்கு இரண்டு அங்குலம்.

நகரசபையிலிருந்து இரண்டு பேர் வந்து குறடால் இழுத்துப் பார்த்தார்கள். குறடு வளைந்தது. அதன் கீழே ஒரு செம்மஞ்சள் கூம்பை வைத்துவிட்டுப் போனார்கள். பிறகு பொலிஸ் வந்தது. துப்பாக்கி இல்லாமல் வரும் சன்னத்துக்கு எந்தப் பிரிவில் வழக்கு எழுதுவது என்று அந்தப் பெண் பொலிஸ் அரை மணிநேரம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், அதற்கு முன்னால் ஒருவரும் நிற்க வேண்டாம் என்று சுற்றியிருந்த ஆறு வீடுகளுக்கும் சொல்லிவிட்டுப் போனார். பல்கலைக்கழகத்தில் இருந்து வந்தவர்கள் நூல் பிடித்து, வடமேற்கிலிருந்து வந்திருக்கிறது என்றார்கள். கடலுக்கும் பாலைவனத்துக்கும் மேல் நத்தை வேகத்தில் வந்து, இந்தத் தெருவைக் கண்டபின் களைத்திருக்கிறது என்பது அவர்கள் முடிவு. அதே நூலை மறுபக்கம் இழுத்தபோது அது பதினான்காம் இலக்க வீட்டின் வரவேற்பறைச் சுவரைத் தொட்டது.

அந்த வீட்டில் மகேந்திரராஜா இருந்தார். வயது ஐம்பத்தெட்டு. டண்டினோங்கில் பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றில் பொதிசெய்யும் இயந்திரங்களைத் திருத்தும் வேலை. மனைவி சந்திரவதனா சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் இருந்தாள். மகள் தர்சினி நகரத்தில் மருந்தாளராக இருந்தாள். சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவோரத்துக்குப் போன மகேந்திரராஜா, சன்னத்தின் பக்கவாட்டில் மயிர்க்கனத்தில் ஓடிய வரம்பைக் கண்டார். அது அவர் வார்த்த சன்னம்.

இருபத்திரண்டு வயதில், தொழில்நுட்பக் கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு, அவர் ஓர் இயக்கத்தில் சேர்ந்தார். அங்கே துப்பாக்கிகள் இருந்தன, ரவை இல்லை. கைவேலை தெரிந்தவர் என்பதால் அவரை ஒரு நெசவுசாலையின் பின்னறையில் இருத்தினார்கள். சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி அவரிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் அவற்றைப் புளி போட்டுத் துலக்கி, நெருப்பில் விரிந்த வாயை இரும்புத் துளை ஒன்றில் வைத்து மரச் சுத்தியலால் தட்டி ஒடுக்கி, மறுபடி வெடிமருந்து இட்டு, மேலே புதுச் சன்னம் பொருத்துவார். சன்னத்துக்கு ஈயம், மீன்வலையில் கட்டும் குண்டுகளை உருக்கி எடுத்தது. மருந்து அள்ளும் கரண்டி, ஒரு பழைய கோதை வெட்டிக் கம்பி சுற்றிச் செய்தது. ஈயம் ஊற்றும் அச்சின் இரண்டு பாதிகளும் சரியாகப் பொருந்தாததால், அவர் வார்த்த ஒவ்வொன்றிலும் அந்த வரம்பு இருந்தது. அந்த அறையில் அவர் இரண்டு வருடம் இருந்தார். ஒருமுறைகூடத் துப்பாக்கியைத் தொடவில்லை. "நான் ஒருதரையும் சுடேல்லை" என்ற வாக்கியத்தை அவர் விசா அதிகாரியிடம் சொன்னார், பெண் பார்க்கப் போன இடத்தில் சொன்னார், த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலில் கண்ணை மூடிக்கொண்டும் சொன்னார். எல்லா இடத்திலும் அது எடுபட்டது.

சன்னத்தின் வாலில் விரல் நீளத்துக்கு ஒரு நீல நூல் ஒட்டியிருந்தது. அதை அவர் பெரிதாகக் கவனிக்கவில்லை. கவனித்தவர் ரஞ்சினி.

ரஞ்சினி மல்கிரேவில் தனியாக இருந்தார். முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலை. சந்திரவதனாவுக்கு இருபது வருடச் சிநேகிதி. இரண்டு பேரும் கோயில் மடப்பள்ளியில் ஒரே பானையைப் பிடித்துத் தூக்கியவர்கள். அவருடைய கணவர் அருந்தவன் தபாற்கந்தோரில் வேலை செய்தவர். முத்திரை ஒட்டி வந்த ஒரு கடிதத்தை ராணுவ முகாமுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார் என்பதற்காக இயக்கத்தார் அவரைச் சந்தியில் விளக்குக் கம்பத்தோடு கட்டிச் சுட்டார்கள். சன்னம் நெஞ்சால் நுழைந்து முதுகால் போய்விட்டது; தேடியும் கிடைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றிய படத்தைப் பார்த்துவிட்டுக் கிரான்பர்னுக்கு வந்த ரஞ்சினி, கூம்புக்குப் பக்கத்தில் குனிந்து, அந்த நூலைத் தொடாமல் கன நேரம் பார்த்தார். சுட்ட நாளன்று காலை அருந்தவனின் சட்டைக்குப் பொத்தான் தைத்தபோது வெள்ளை நூல் முடிந்துபோய், நீல நூலால் தைத்துவிட்டிருந்தார். அதற்காக அருந்தவன் சிரித்திருந்தார்.

"என்ரை நூல்" என்றார் ரஞ்சினி. "இவ்வளவு காலமும் அந்தரத்திலை திரிஞ்சிருக்கு."

மகேந்திரராஜா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் கோயிலுக்குப் போய்விட்டு ரஞ்சினி கிரான்பர்னுக்கு வந்தார். குளிர்காலத்தில் மடக்குக் கதிரையும் குடையும் கொண்டுவந்தார். சன்னத்துக்குக் குடை பிடித்தார், தான் நனைந்தார். தபால்காரர் சுற்றிப் போகப் பழகினார். ஆவணியில் அது பூப்பாத்தியைத் தாண்டியது. தர்சினி, "அப்பா, ஜஸ்ட் மூவ் த சோபா" என்றாள். அது சரியான யோசனையாகத்தான் இருந்தது. இரண்டு அங்குல வேகத்தில் வருவதிலிருந்து யாரும் விலகிவிடலாம். மகேந்திரராஜா சோபாவை நகர்த்தினார், தொலைக்காட்சியை நகர்த்தினார், கல்யாணப் படத்தைக் கழற்றி அறைக்குள் வைத்தார். கார்த்திகை முடிவில் சுவர் வெடித்துச் சன்னம் உள்ளே வந்தது. உள்ளே வந்தபின் ஒரு நாளைக்கு ஓர் அங்குலம்தான் போனது. வெளிச்சாமான் வீட்டுக்குள் வந்தால் கொஞ்சம் மரியாதை காட்டும் என்று சந்திரவதனா சொன்னாள்.

சன்னம் வீட்டுக்குள் வந்ததால் ரஞ்சினியும் வீட்டுக்குள் வந்தார். மகேந்திரராஜா தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். எட்டு மாதத்தில் முப்பதுக்கு மேற்பட்ட தரம், அதை வார்த்தது தான்தான் என்று அவருக்குச் சொல்லச் சந்தர்ப்பம் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று விட்டார். சுட்டவன் அடுத்த வருடமே செத்துப்போனான் என்று ரஞ்சினி ஒருநாள் சொன்னார். கட்டளை போட்டவன் ஜெர்மனியில் நோய் வந்து செத்தானாம். "ஆரைப் பிடிச்சுக் கேக்கிறது, சொல்லும் பாப்பம்? ஒருத்தரும் மிச்சமில்லை." மகேந்திரராஜா தலையை ஆட்டினார். அன்று அவருக்கு நன்றாகப் பசித்தது. இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

தைப்பொங்கல் முடிந்த ஞாயிறு, கடும் வெக்கை. ரஞ்சினி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சன்னத்தைப் பக்கவாட்டில் பார்த்தார்.

"பார் சந்திரா, இதிலை ஒரு கோடு. ஒழுங்கா ஊத்தத் தெரியாத ஆரோ மொக்கன் செய்திருக்கிறான்."

"அச்சு பொருந்தேல்லை அக்கா" என்றார் மகேந்திரராஜா. "வேலையிலை பிழையில்லை."

சொன்னபிறகுதான் என்ன சொன்னார் என்பது அவருக்குக் கேட்டது. சந்திரவதனா கையில் இருந்த பலகாரத் தட்டை மேசையில் வைத்தாள். ரஞ்சினி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, முதல் தடவை பார்ப்பது போல அவரைப் பார்த்தார்.

"நீரோ?"

"நான் சுடேல்லை அக்கா."

"அது தெரியும். செய்தது நீரோ?"

"ஓம்."

"அவரைச் சுட்ட அண்டைக்கு என்ன சாப்பிட்டனீர்?"

அதையும் அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அது ஞாபகம் இருந்தது, வாய் சொல்லிவிட்டது. "புட்டு. கணவாய்க் கறி."

ரஞ்சினி எழுந்து குசினிக்குப் போய் உயரமான ஸ்டூலை எடுத்துவந்தார். சன்னத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் வைத்தார். உயரம் போதவில்லை, அருந்தவன் நெடிய மனிதர். சோபாவிலிருந்து ஒரு குஷனை எடுத்து ஸ்டூலில் வைத்தார்.

"இதிலை இரும் தம்பி."

"அக்கா, உங்களுக்கு விசரோ?" என்றாள் சந்திரவதனா. ரஞ்சினி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகேந்திரராஜா வாசலைப் பார்த்தார். வாசல் திறந்துதான் இருந்தது. பாஸ்கர் வெளியே புல் வெட்டிக்கொண்டிருந்தான். முப்பத்தாறு வருடமாகச் சொல்லிவந்த வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லிப் பார்க்க வாயைத் திறந்தார். அது வரவில்லை. போய் இருந்தார்.

முதல் நாள் அது சட்டையைத் தொட்டது. மண்ணிறச் சட்டை. இரண்டாம் நாள் தோல். ஒரு நொடியில் முடிகிற வலி ஒன்பது நாளுக்கு நீண்டது. நீண்டதால் கொஞ்சமும் குறையவில்லை. மூன்றாம் நாள் அவர் எழும்ப முயன்றார். அதற்குள் விலா எலும்பு மாட்டிக்கொண்டது, சன்னம் அவரைப் பிடித்து வைத்தது. அவசர ஊர்தியில் வந்தவர்கள் பார்த்துவிட்டு, இழுத்தால் மனிதர் கிழிவார், சன்னத்தை அறுத்தால் வாள்தான் முறியும் என்று சொல்லி, ஊசி ஒன்று போட்டார்கள். ஊசி வேலை செய்யவில்லை. நாலாம் நாள் தர்சினி காதைப் பொத்திக்கொண்டு சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். ஐந்தாம் நாள் அது இதயத்தைக் கடந்தது. அன்று முழுக்க அவர் சத்தம் போடவில்லை. வாய் திறந்திருந்தது, அவ்வளவுதான். பின்வேலிப் பக்கம் இருந்த பிரதீப்குமார் குடும்பம் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டது.

ரஞ்சினி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஒன்பது நாளும் எதிரில் இருந்தார். அவருடைய எச்சிலைத் துடைத்தார், கரண்டியால் தண்ணீர் பருக்கினார். அவர் கெஞ்சியபோது கரண்டியை மறுபடி நிரப்பினார். குசினியில் இரண்டு பெண்களும் ஒருவரோடொருவர் பேசாமல், ஒரே அடுப்பில் சமைத்தார்கள். ஏழாம் நாள் சந்திரவதனா ரஞ்சினியின் காலில் விழுந்தாள். ரஞ்சினி அவளைத் தூக்கி நிறுத்தி, "நானும் விழுந்தனான், சந்திரா" என்றார். "சந்தியிலை, எல்லாற்றை காலிலையும்." பிறகு போய் உலையில் அரிசி போட்டார்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் சன்னம் முதுகால் வெளியே வந்தது. நீல நூலுக்குப் பக்கத்தில் மண்ணிற நூல் ஒன்றும் சேர்ந்துகொண்டது. மகேந்திரராஜா நிலத்தில் சரிந்தார், கொஞ்ச நேரம் கிடந்தார், கண்ணைத் திறந்தார்.

"சந்திரா" என்றார், "ஒரு தேத்தண்ணி தாவன்."

ரஞ்சினி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "எங்கடை அவர் தேத்தண்ணி கேக்கேல்லை" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அதன்பின் அந்த வீட்டுக்கு வரவில்லை. கோயிலில் சந்திரவதனாவைக் கண்டால் பானையின் மறுபிடியைப் பிடித்துத் தூக்குவார். முகம் பார்க்க மாட்டார்.

மகேந்திரராஜா இரண்டு மாதத்தில் வேலைக்குப் போனார். நெஞ்சில் ஐந்து சத நாணயம் அளவில் ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியாக மறுபக்க வெளிச்சம் தெரிந்தது. குடும்ப வைத்தியர் அதைக் கோப்பில் எழுதிக்கொண்டு, குளிரில் பொத்தி வைக்கச் சொன்னார். சன்னம் பின்சுவரை உடைத்துப் பிரதீப்குமாரின் வளவுக்குள் போனது. அவர்கள் உடுப்புக் காயப்போடும் கொடியை இரண்டடி தள்ளிக் கட்டினார்கள். அதற்கு அப்பால் புதிதாகக் கட்டிய வீட்டில் அது போவதற்கென்று ஒரு குழாயைச் சுவரில் வைத்தே கட்டினார்கள்.

2025 ஐப்பசியில், ஒரு சனிக்கிழமை, பாஸ்கர் கதவைத் தட்டினான். "அங்கிள், இன்னொண்ணு வந்திருக்கு." நகரசபை அன்றைக்கே கூம்பைக் கொண்டுவந்து வைத்தது, இம்முறை அவர்களிடம் அதற்கு ஒரு படிவமும் இருந்தது. மகேந்திரராஜா போய்ப் பார்த்தார். வரம்பு இருந்தது. வாலில் நூல் இல்லை. ஒரு முழ நீளத்துக்குக் கறுத்த தலைமயிர் சுற்றியிருந்தது. அது யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை. தமிழ் வானொலியில் மூன்று வாரம் அறிவித்தல் கொடுத்தார். சிட்னியிலிருந்து ஒரு பெண் படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டு, தன் தங்கச்சியின் தலைமயிர் இவ்வளவு நீளமில்லை என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வைத்தாள். வேறு ஒருவரும் வரவில்லை. அந்தத் தலைமயிருக்குரியவரின் வீட்டில் வருவதற்கு ஒருவரும் மிஞ்சவில்லை போலிருந்தது.

இது மூன்றடிக்கும் குறைந்த உயரத்தில் வந்தது. ஸ்டூலும் சரிவராது, கதிரையும் சரிவராது. மகேந்திரராஜா புல்வெளியில் அதற்கு முன்னால் நின்று யோசித்தார். பிறகு மெல்ல முழங்காலில் இருந்தார். நெஞ்சுக்குச் சரியாக வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். தெருவில் போன கார் ஒன்று வேகத்தைக் குறைத்துவிட்டுப் போனது. அவர் எழுந்து உள்ளே போய், முழங்காலில் இருக்க இடம் விட்டுச் சோபாவைப் பக்கச் சுவரோடு தள்ளினார். சந்திரவதனா சுவருக்கும் பூப்பாத்திக்கும் இடையில் எத்தனை அங்குலம் என்று கேட்டு, குசினியில் அடுத்த வருடக் கலண்டரின் வைகாசித் தாளைப் பிரித்து, லீவு எடுக்க வேண்டிய ஒன்பது நாட்களையும் பென்சிலால் வட்டமிட்டாள்.