கரட்டின் மேல் வாங்கிய கடன்

குருவம்மா தவணை கட்டாததால், அவள் அடமானம் வைத்திருந்த கரட்டை ஜப்தி செய்து ஓட்டிவரச் சௌந்தரபாண்டியை அனுப்பினார்கள். நிதி நிறுவனத்தில் அவன் சேர்ந்த புதிது. அதுவரை பைக்குகளும் ஒரு டிராக்டரும்தான் ஓட்டிவந்திருந்தான். கரடு என்றால் பெரிய மலை இல்லை. ஆண்டிபட்டிப் பக்கம் பொட்டலில் தனியாக நிற்கிற பாறைக்குன்று, அவ்வளவுதான். சாதுவானது, முட்டாது என்று மேனேஜர் ஜெயசீலன் சொல்லியிருந்தார். 'இந்தக் கரடு கடனில் உள்ளது, யாரும் விலைக்கு வாங்க வேண்டாம்' என்று அதன் நெற்றியில் நிறுவனம் மஞ்சள் பெயிண்டில் எழுதி வைத்திருந்தது.

கரட்டடியில் நின்றிருந்த குருவம்மா அவனைப் பார்த்ததும் கையிலிருந்த கம்பைக் கீழே போட்டாள்.

"வருவீங்கன்னு தெரியும் தம்பி. ஆட்டுக்குச் சீக்கு வந்து பாதி போயிருச்சு. அதான் கட்ட முடியல."

"புரியுதுக்கா. ஆனா நான் இத ஓட்டிக்கிட்டுப் போயாகணும்."

"போங்க. ஆடு அடமானத்துல இல்ல. அதுகள மட்டும் இறக்கிக்கிறேன்."

அது நியாயம்தான். லாரியைப் பிடித்தாலும் உள்ளே கிடக்கிற பாயையும் தூக்குவாளியையும் டிரைவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் விதி. மிச்சமிருந்த ஆடுகள் கீழே இறங்கியதும், ஒப்படைத்ததற்கு அவன் கையெழுத்து வாங்கிக்கொண்டான். குருவம்மா கரட்டுக்குக் கயிறு கட்டி முனையை அவனிடம் நீட்டினாள்.

"இழுக்காதீங்க தம்பி. நீங்க முன்னால நடந்தாப் போதும், வந்துரும்."

சொன்னபடியே வந்தது. அது எழுந்துபோன இடத்தில் ஆடுகள் நிழலில்லாமல் நின்றன. சௌந்தரபாண்டி திரும்பிப் பார்க்காமல் நடந்தான். பைபாஸ் சுங்கச்சாவடியில் ஒரு பெண், "சக்கரம் இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றான். "அப்ப ஓரமாப் போங்க, காசு வேண்டாம்" என்றாள்.

ஜப்தி வண்டிகளை நிறுத்தும் யார்டில் பைக்குகளைத் தள்ளி நிறுத்தி இடம் பண்ணினார்கள். ஏலம் போகிறவரைக்கும் பொருளுக்குச் சேதாரம் வராமல் காப்பது நிறுவனத்தின் கடமை. அதனால் கரட்டைச் சுற்றி வேலி போட்டு, மேலே யாரும் ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் அது மெலிய ஆரம்பித்தது. முதலில் ஆபீஸ் மாடி உயரத்துக்கு வந்தது, பிறகு கூரை உயரம், அப்புறம் சௌந்தரபாண்டியின் தோள் உயரம். வட்டி ஏற ஏறக் கரடு இறங்கியது.

"இப்படியே போனா ஏலத்துல கூழாங்கல் விலைதான் கிடைக்கும்" என்றார் ஜெயசீலன். "குறையுறத உன் சம்பளத்துலதான் பிடிக்கணும்."

சௌந்தரபாண்டி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். தடவிக் கொடுத்துப் பார்த்தான். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் வண்டியை எடுத்துக்கொண்டு குருவம்மாவிடமே போய் நின்றான்.

"மேல யாரும் நடக்குறாங்களா?" என்று கேட்டாள் அவள்.

"இல்லக்கா. வேலி போட்டுப் பத்திரமா வச்சிருக்கோம்."

"அப்பறம் எப்படி உடம்பு தேறும்? மேல காலு படணும்ல."

மறுநாள் காலை அவள் ஆடுகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். வேலியைத் திறந்ததும் ஆடுகள் மேலே ஓடின. கரடு முதுகை ஒருமுறை சிலிர்த்துக்கொண்டு, மத்தியானத்துக்குள் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. ஜெயசீலன் அங்கேயே அவளை அடமானப் பொருள் பராமரிப்பாளராகச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டார். சம்பளம் தவணைக்குப் போயிற்று. ஆட்டுப்பாலைப் பக்கத்து டீக்கடைக்காரர் வாங்கிக்கொண்டார். தவணை கட்ட வந்தவர்கள் கரட்டு நிழலில் டீ குடித்துவிட்டுச் சந்தோஷமாகக் கட்டிவிட்டுப் போனார்கள். சௌந்தரபாண்டியும் மதியச் சாப்பாட்டைக் கரட்டு உச்சிக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடப் பழகிக்கொண்டான். இத்தனை காற்றை அவன் வேறெங்கும் வாங்கியதில்லை.

குருவம்மாவின் கடன் தீர்ந்த அன்று, வேலியைப் பிரிக்கப் பின்பக்கம் போன சௌந்தரபாண்டி மேனேஜரையும் அவளையும் கூப்பிட்டான். அங்கே முழங்கால் உயரத்தில் ஒரு சின்னக் கரடு ஈரத்தோடு படுத்திருந்தது.

ஜெயசீலன் குனிந்து பார்த்தார். "நம்ம காவல்ல இருக்கும்போது ஈன்ற குட்டியும் கடன் வாங்கினவங்களுக்குத்தான் சேரும். சட்டம் அப்படித்தான் சொல்லுது" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதுமேல ஒரு சின்னக் கடன் போட்டுக்கலாமே குருவம்மா? வட்டியக் குறைச்சுத் தர்றேன்" என்றார்.

குருவம்மா அதை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"இன்னும் கண்ணே திறக்கல சார்."

"அதுவும் சரிதான்" என்றார் அவர்.

வெயில் படாமல் சௌந்தரபாண்டி தன் கைக்குட்டையை அதன் உச்சியில் போட்டுவிட்டான். குருவம்மா அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். குட்டியை முகர்ந்துகொண்டே தாயும் பின்னால் போயிற்று.